வீட்டிலிருந்து ஆன்லைன் வியாபாரம் செய்பவர் டிஜிட்டல் பொருட்கள் தயாரித்து விற்றால் வியாபாரம் வளருமா? எதில் தொடங்குவது?

வளரும். எனக்கு வளர்ந்தது. சென்னை மேற்கு மாம்பலத்தில் 16 வருடமாக ப்ளவுஸ் தைக்கிறேன். 2020 ஊரடங்குக்குப் பிறகு லைனிங் துணி, ஃபால்ஸ், லேஸ் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் விற்க ஆரம்பித்தேன். இப்போது அதோடு ப்ளவுஸ் கட்டிங் பேட்டர்ன்களை, அதாவது துணிமேல் வைத்து வெட்டும் அளவுப் படங்களை, பிடிஎஃப் கோப்பாகவும் விற்கிறேன். உங்கள் தொழில் என்னவென்று கேள்வியில் இல்லை. அதனால் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் 4 நாள் கரண்ட் இல்லை. மெஷின் ஓடவில்லை, கூரியர் வரவில்லை, கல்யாணத்துக்கு வாங்கி வைத்த துணிகளைப் பரண்மேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம். நான் தைத்தால்தான் காசு என்பது அதற்கு முன்பும் தெரிந்ததுதான், அந்த நான்கு நாளில் அது உறைத்தது. கரண்ட் வந்ததும் முதல் வேலையாக மூன்று மாத வாட்ஸ்அப் செய்திகளை மேலிருந்து கீழ்வரை படித்தேன். "அக்கா, 38 சைஸுக்கு ஆர்ம்ஹோல் எவ்வளவு வைக்கணும்?", "கட்டோரிக்கு டாட் எங்க வரும்?", "பின் கழுத்தை இறக்கினா ஷோல்டர் நழுவுதே, என்ன பண்றது?" லைனிங் வாங்குகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப இதையே கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லியிருந்தேன்.

எதில் தொடங்குவது என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். உங்களிடம் ஏற்கெனவே வாங்குகிறவர்கள் எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். இப்போது எது ஓடுகிறது என்று வெளியே தேடிப் போக வேண்டாம். டெரகோட்டா நகை விற்கிறவரிடம் சூளை இல்லாமல் எப்படிச் சுடுவது என்று கேட்பார்கள். செடி விற்கிறவரிடம் மாடியில் எந்த மாதம் எதை விதைப்பது என்று கேட்பார்கள். அந்தப் பதிலை வாங்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

தயாரிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் அது. பிரவுன் பேப்பரில் நான் வரைந்ததை என் அண்ணன் மகன் இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் அளவு மாறாமல் வரைந்து தந்தான். வீட்டில் பெரிய பிரிண்டர் யாரிடமும் இருக்காது என்பதால் ஒரு ப்ளவுஸை 10 ஏ4 தாள்களாகப் பிரித்தோம். ஓரங்களை ஒட்டினால் முழு பேட்டர்ன் கிடைக்கும். விற்கவும் ஆரம்பித்தாகிவிட்டது.

இரண்டாவது வாரம் ஒரு அம்மா போன் செய்தார். மகளின் முகூர்த்தப் புடவையோடு வந்த ப்ளவுஸ் துணியை என் பேட்டர்ன் வைத்து வெட்டியிருக்கிறார், உடம்பில் ஏறவில்லை. அவர் பிரிண்ட் எடுத்த ஜெராக்ஸ் கடையில், எல்லாருக்கும் போடுவதுபோல 'ஃபிட் டு பேஜ்' வைத்துப் போட்டிருக்கிறார்கள். படம் தாளின் ஓரத்துக்குள் அடங்குவதற்காக 100 சதவீதம் 95 ஆகிவிட்டது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 36 அங்குல மார்புச் சுற்றளவில் 5 சதவீதம் என்றால் 1.8 அங்குலம், ப்ளவுஸில் அது மிகப் பெரிய அளவு. கடைக்காரர் மேல் குற்றமில்லை, அந்த அம்மா மேலும் இல்லை. கோப்பில் ஒரு வரி எழுதாமல் விட்டது நான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தி.நகரில் இரண்டு நாள் அலைந்து அந்த அரக்கு நிறத்துக்கு ஒத்த பட்டுத் துணி வாங்கி நானே தைத்தும் கொடுத்தேன். ஆனாலும் புடவையோடு நெய்த அந்தத் துணி போனது போனதுதான். இன்றைக்கும் அது எனக்கு வருத்தம்.

இப்போது என் கோப்பைத் திறந்தால் முதல் தாளில் 2 அங்குலச் சதுரம் ஒன்று இருக்கும். அந்த ஒரு தாளை மட்டும் முதலில் பிரிண்ட் எடுத்து, இஞ்ச் டேப் வைத்து அளந்து, சரியாக 2 இருந்தால்தான் மீதியை எடுக்க வேண்டும். அதன் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் படிக்கும்படி பெரிய எழுத்தில், 'ஃபிட் வேண்டாம், ஆக்சுவல் சைஸ் 100%' என்று இருக்கும். இரண்டாவது தாளில், முதல் முறை பழைய காட்டன் புடவையில் வெட்டிப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். ஒட்டுவது சிரமம் என்றவர்களுக்காக ஏ1 அளவில் ஒரே தாளாகவும் ஒரு கோப்பு சேர்த்தேன். கட்டட பிளான் பிரிண்ட் போடும் கடைகளில் அதை எடுத்துவிடலாம். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர்கள் வாங்கியவர்கள்தான். நீங்கள் எது தயாரித்தாலும், உங்களுக்குப் பழக்கமில்லாத ஒருவர் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று எதுவும் சொல்லாமல் பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது.

தமிழ் எழுத்துரு விஷயமும் உண்டு. எல்லாக் கணினியும் புரிந்துகொள்ளும் யூனிகோட் எழுத்துருவாக இருக்கட்டும், பிடிஎஃப்புக்குள்ளேயே அது பதிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் வேறு கணினியில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரான் போன்றவை திறந்த உரிமத்தில் கிடைப்பதால் விற்பனைக்குப் போகும் கோப்பிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

விலை. 49 ரூபாய்க்குத் தொடங்கினேன். சந்தேகம் கேட்டு வரும் அழைப்புகளுக்குப் போகும் நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இப்போது 199, வாட்ஸ்அப்பில் சந்தேகம் கேட்கலாம் என்பதும் அதில் அடக்கம். விலை ஏற்றியதால் யாரும் சண்டைக்கு வரவில்லை. படுத்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். தினமும் ஒரு மணி நேரமாவது பதில் சொல்ல உட்கார்கிறேன். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் நான் பார்க்கும் ஆட்கள், மெஷினில் உட்கார்ந்தால் பார்க்க முடியாத எண்ணிக்கை.

பணம் வாங்க யூபிஐ போதும். வெளிநாட்டுத் தமிழர்கள் வாங்குவார்கள் என்றால் பேபால் வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலிலிருந்து இந்தியாவுக்குள் நடக்கும் பணப் பரிமாற்றத்துக்கு அது இல்லை, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு உண்டு. ஜிஎஸ்டி பற்றி என் ஆடிட்டர் சொன்னது: டிஜிட்டல் கோப்பு சேவையில் வரும், ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும் வரை பதிவு தேவையில்லை. ஆனால் லைனிங் துணியைப் பார்சலாகப் பெங்களூருக்கு அனுப்பினால் அது வெளிமாநிலச் சரக்கு, அதற்கு 20 லட்சம் வரை என்ற சலுகை கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். இரண்டையும் சேர்த்து விற்கிறவர்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

திருட்டுப் பயம் எல்லாருக்கும் இருக்கிறது. என் கோப்பும் குரூப்களில் சுற்றியது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நாம் வரைந்ததற்கும் எழுதியதற்கும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் 199 ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்குப் போவது? ஒவ்வொரு தாளின் அடியிலும் வாங்கியவர் பெயரையும் போன் நம்பரின் கடைசி நான்கு எண்களையும் போட்டு அனுப்புகிறேன். தன் பெயர் போட்ட தாளை யாரும் எளிதில் பகிர்வதில்லை.

இனி, வியாபாரம் வளர்ந்ததா என்ற கேள்வி. பேட்டர்னில் வரும் காசைவிட, அது கூட்டிக்கொண்டு வந்த காசு பெரிது. பேட்டர்ன் வாங்கியவர் அடுத்த வாரம் லைனிங், கொக்கி, பைப்பிங் கயிறு, கேன்வாஸ் எல்லாம் ஒரே பொட்டலமாகக் கேட்டார். அதையே ஒரு செட்டாகப் போட்டு விற்கிறேன். உடம்பு அளவு எடுக்க ஒரு தாளை இலவசமாகக் கொடுக்கிறேன், எங்கே டேப் வைப்பது என்று படத்தோடு. அதை நிரப்பி அனுப்புகிறவர்களின் ப்ளவுஸ் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இப்போது பொங்கலுக்குக் குழந்தைகளின் பாவாடை சட்டை பேட்டர்ன், 2 வயதிலிருந்து 10 வயது வரை. எங்கள் தெருவில் மூன்று பேர் அதை வைத்துத் தைத்துப் பார்க்கிறார்கள். 6 வயது அளவில் கை இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று நேற்று ஒருவர் சொன்னார். அது சரியாகும் வரை விற்பனைக்குப் போடப் போவதில்லை.