பிளாக் சாபத்: நால்வரும் சேர்ந்த மேடைகள் – கடிதம்

வணக்கம் சார்,

2025 ஜூலை 5 பர்மிங்ஹாம் வில்லா பார்க் கச்சேரி, அடுத்த பதினேழாம் நாள் பாடகர் ஓஸி ஆஸ்போர்னின் மரணம். இந்த இரண்டு செய்திகள் வழியாகத்தான் நான் பிளாக் சாபத் என்ற ஹெவி மெட்டல் குழுவுக்கு வந்து சேர்ந்தேன். தேடினால் 1985, 1992, 1997, 2011, 2025 என்று ஐந்து இடத்தில் “பழைய குழு மறுபடி சேர்ந்தது” என்று வருகிறது. இதில் எது நிஜம்? எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பிற்காலக் கச்சேரிகளில் எல்லாப் பாட்டும் ஆல்பத்தைவிட இறங்கி ஒலிக்கிறது. ஓஸியின் குரல் போனதை மறைக்கத்தான் அப்படி என்கிறான் நண்பன். அது சரியா?

கடைசியாக ஒன்று. அதே போல வாசிக்கலாம் என்று எங்கள் கல்லூரிக் குழுவில் கிதாரை மூன்று ஃப்ரெட் (வீணையின் மெட்டு போல) அளவுக்கு இறக்கினோம். கம்பி தொளதொளவென்று ஆடுகிறது. பல கம்பிகளைச் சேர்த்துக் கார்டு பிடித்தால் அபஸ்வரம். எங்கே தப்பு?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

ஓஸியும் டோனி அயோமியும் ஒரே மேடையில் நின்றாலே “சேர்ந்துவிட்டார்கள்” என்று தலைப்பு போட்டுவிடுவது பத்திரிகைகளின் பழக்கம். ரசிகர்கள் வைத்திருக்கும் கணக்கு வேறு. ஓஸி (பாட்டு), அயோமி (கிதார்), கீஸர் பட்லர் (பேஸ் கிதார்), பில் வார்ட் (டிரம்ஸ்) நால்வரும் இருந்தால்தான் அது அசல் சாபத். இதில் எப்போதும் காலியாகும் நாற்காலி டிரம்மருடையது. ஆகவே எந்தப் பதிவை எடுத்தாலும் முதலில் டிரம்ஸில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1979இல் ஓஸியை வெளியேற்றினார்கள். அதன்பின் நால்வரும் முதலில் சேர்ந்தது 1985 ஜூலை 13, பிலடெல்பியாவின் லைவ் எய்ட் நிதிதிரட்டும் கச்சேரி மேடையில். மூன்றே பாட்டு, அதுவும் காலை நேரத்தில். 1992 நவம்பரில் கலிபோர்னியாவின் கோஸ்டா மேசாவில் ஓஸி தன் கடைசிச் சுற்றுப்பயணம் என்று அறிவித்திருந்த கச்சேரி. (அது கடைசியாகவில்லை என்பது உலகறிந்தது.) ஓஸிக்கு முன்னால் வாசிக்க மாட்டேன் என்று அப்போதைய சாபத் பாடகர் ரானி ஜேம்ஸ் டியோ விலகிக்கொள்ள, ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்ட் வந்து அந்த இடத்தில் பாடினார். இறுதியில் அசல் நால்வரும் சேர்ந்து சில பாட்டுகள் வாசித்தார்கள். இந்த இரண்டையும் விருந்தாளி வருகை என்றுதான் சொல்வேன்.

முழு மறுசேர்க்கை என்றால் 1997 டிசம்பர் 4, 5, பர்மிங்ஹாம் என்.இ.சி. அரங்கம்தான். அங்கே பதிவானதுதான் 1998இல் ‘ரீயூனியன்’ என்ற பெயரில் வந்த இரட்டை ஆல்பம். ஒன்று கவனியுங்கள்: அதே 1997 கோடையில் ஓஸ்ஃபெஸ்ட் (ஓஸியின் பெயரில் நடந்த இசைவிழா) சுற்றில் ஓஸியும் அயோமியும் பட்லரும் வாசித்தார்கள், ஆனால் டிரம்ஸ் ஃபெய்த் நோ மோர் குழுவின் மைக் போர்டின். அந்த வீடியோக்கள் பலவற்றில் “அசல் குழு” என்றே தலைப்பு இருக்கும். 1998 மே மாதம் ஒத்திகையின்போது வார்டுக்கு மாரடைப்பு வந்தது. அந்தக் கோடைக் கச்சேரிகளில் வின்னி அப்பீசி வாசித்தார். 1999, 2001, 2004, 2005 ஓஸ்ஃபெஸ்ட் சுற்றுகளில் வார்ட் மீண்டும் இருந்தார். ஆனால் 2004 ஆகஸ்ட் 26 நியூ ஜெர்சி கேம்டன் பதிவு கிடைத்தால் அதில் ஓஸி இருக்க மாட்டார். மூச்சுக்குழாய் அழற்சி வந்ததால் மறுபடியும் ஹால்ஃபோர்ட்தான்.

2011 நவம்பர் 11 என்பது அறிவிப்பு மட்டும். நால்வரும் வந்து உட்கார்ந்தார்கள், வாசிக்கவில்லை. 2012 பிப்ரவரியில், கையெழுத்துப் போடத்தக்க ஒப்பந்தம் வரவில்லை என்று வார்ட் வெளிப்படையாக அறிக்கை விட்டார். சுற்றுப்பயணத்துக்கு அவர் உடல் தாங்காது என்பது ஓஸி பின்னாளில் சொன்னது. ரசிகர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து இன்றுவரை சண்டை போடுகிறார்கள். அவர்களுடைய கணக்குவழக்கில் நமக்கு வேலையில்லை. நம் காதுக்கு வேண்டியது இவ்வளவுதான்: 2012 மே முதல் 2017 பிப்ரவரி 4இல் பர்மிங்ஹாமில் முடிந்த ‘தி எண்ட்’ சுற்றுவரை மேடையில் டாமி க்ளுஃபெடோஸ், 2013இல் வந்த ‘13’ ஆல்பத்தில் ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷின் குழுவின் பிராட் வில்க். 2022 காமன்வெல்த் விளையாட்டு நிறைவு விழாவில் வந்தது ஓஸியும் அயோமியும் மட்டும். 2005க்குப் பிறகு நால்வரும் ஒன்றாக வாசிப்பதைப் பார்க்க 2025 வில்லா பார்க் வரை இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு பொறி: 1982இல் வந்த ‘ஸ்பீக் ஆஃப் தி டெவில்’ ஆல்பத்தில் இருப்பதெல்லாம் சாபத் பாட்டுகள். ஆனால் அது ஓஸி தன் சொந்தக் குழுவை வைத்து வாசித்தது. சாபத்தோடு சேர்ந்ததல்ல.

டிரம்மர் மாறினால் என்ன, பாட்டு அதேதானே என்று தோன்றலாம். ‘வார் பிக்ஸ்’ பாட்டில் முதல் சரணத்தை எடுங்கள். கிதாரும் பேஸும் சேர்ந்து இரண்டு அடி அடித்துவிட்டு நின்றுவிடும். ஹை-ஹேட் (காலால் திறந்து மூடும் இரட்டைச் சிம்பல்) மட்டும் எண்ணிக்கொண்டே ஓடும். அந்த வெற்றிடத்தில்தான் ஓஸியின் வரி விழுகிறது. 1970 ஆல்பத்தில் வரிக்கும் வரிக்கும் நடுவே வார்ட் போடும் உருட்டுகளைக் கேளுங்கள். ஜாஸ் கேட்டு வளர்ந்த கை. தாளத்தின் மேல் நேராக விழாமல் கொஞ்சம் சாய்ந்து விழும். வேகமும் பாட்டுக்குள்ளேயே மூச்சு விடும். பிறகு அதே இடத்தை 2017 பதிவில் கேளுங்கள். க்ளுஃபெடோஸ் அடி சுத்தம், பலம் அதிகம், நேர்கோடு. பெரிய அரங்குக்கு அது தேவைதான். என் காதுக்கு சாபத்தின் ஊஞ்சல் அங்கே நின்றுவிடுகிறது. ‘ரீயூனியன்’ ஆல்பத்தை நான் மேலே வைப்பதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

இனி சுருதி விஷயம். உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. வயதாக ஆகச் சுருதியை இறக்கிக்கொள்வது நம் பாடகர்களுக்கும் உள்ள வழக்கம்தானே. ஆனால் சாபத்தில் இறக்கம் தொடங்கியது ஓஸியின் குரல் தேய்ந்த காலத்தில் அல்ல, 1971இல். அப்போது அவருக்கு வயது 22. காரணம் அயோமியின் விரல்கள். பதினேழு வயதில், வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில், தகர ஆலை இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடது கை வாசிப்பாளர் என்பதால் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி வாசித்தார். கம்பி தளர்ந்தால் அழுத்துவது எளிது, ஓசையும் கனக்கிறது. ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தின் சில பாட்டுகளில் அவர் மூன்று அரைச்சுரம் (மூன்று ஃப்ரெட் அளவு) இறக்கியது இப்படித்தான்.

முதல் இரண்டு ஆல்பங்களின் பாட்டுகளையும் இறக்கி வாசித்தது பிற்கால மேடைகளின் வழக்கம். அதில் குரலுக்கும் பங்குண்டு. இதை நீங்களே அளக்கலாம். செல்போனில் சுருதிப்பெட்டி ஆப் இருந்தால் போதும். ‘பாரனாய்ட்’ பாட்டு ஆல்பத்தில் ஈ, அதாவது நம் கணக்கில் மூன்று கட்டை. ஆப்பை மூன்றில் வைத்து ஆல்பத்தோடு சேர்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கச்சேரிப் பதிவை ஓடவிட்டு இரண்டரை, இரண்டு, ஒன்றரை என்று இறக்கிக்கொண்டே வாருங்கள். சேரும் இடம்தான் அன்றைய சுருதி. இதில் ஒரு சிக்கல் உண்டு. காப்புரிமைப் பிடியிலிருந்து தப்பிக்கச் சிலர் வேகத்தை மாற்றி ஏற்றுகிறார்கள். அதே கச்சேரியின் அதிகாரபூர்வப் பதிவு கிடைத்தால் பாட்டின் நீளத்தை ஒப்பிடுங்கள். அரைக்கட்டை நகர்ந்தால் நீளம் சுமார் 6 சதவீதம் மாறும். நீளம் மாறாமல் சுருதியை மட்டும் மாற்றியிருந்தால் சிம்பல் ஓசை நீருக்குள்ளிருந்து வருவது போலக் குழைந்திருக்கும்.

குரலை மறைப்பது என்று பார்த்தால், சுருதியைவிடப் பாட்டுப் பட்டியலில்தான் அது நடக்கிறது. ‘சாபத் பிளடி சாபத்’ முழுக்கப் பாட முடியாத உச்சத்தில் இருக்கிறது. பிற்காலக் கச்சேரிகளில் அதன் கிதார்த் தொடக்கத்தை மட்டும் வாசித்து, ரசிகர்கள் கத்தி முடிப்பதற்குள் ‘பாரனாய்ட்’டுக்குத் தாவிவிடுவார்கள். ‘தி எண்ட்’ சுற்றில் ‘ராட் சாலட்’ என்ற வாத்தியப் பாட்டும் அதை ஒட்டிய டிரம்ஸ் தனியும் கச்சேரியின் நடுவே வைக்கப்பட்டிருந்தது பாடகர் இளைப்பாறத்தான். அடுத்த பாட்டு ‘அயர்ன் மேன்’. அதில் குரலும் கிதாரும் ஒரே ஸ்வர வரிசையில் போகின்றன. இம்மி விலகினாலும் பக்கத்திலேயே கிதார் நின்று காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் பார்த்த மோசமான செல்போன் வீடியோக்களில் பெரும்பாலும் இந்தப் பாட்டுதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ‘வார் பிக்ஸ்’ போன்றவற்றில் கிதார் விலகி நிற்பதால் அவர் தப்பித்துவிடுவார்.

வில்லா பார்க் கச்சேரிக்கு இந்த அளவுகோலை எடுத்துப் போகாதீர்கள். பார்க்கின்சன் நோய் இருப்பதை ஓஸி 2020இல் அறிவித்தார். அந்த நோய் குரலின் பலத்தையும் மூச்சையும் தின்னும். கருப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி முதலில் தன் சொந்தப் பாட்டுகள் ஐந்து, பிறகு சாபத்தோடு ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்ட்’ என நான்கு. உட்கார்ந்து பாடுவது நம் ஊரில் இயல்பு. ஆயுள் முழுக்க மேடையில் ஓடிக்கொண்டே பாடிப் பழகிய உடம்புக்கு அது புதுக் கஷ்டம். 77 வயது வார்டின் கை சில இடங்களில் தாமதிக்கிறது. ஆனால் ‘வார் பிக்ஸ்’ நடுவே அந்தச் சாய்வு திரும்ப வந்துவிடுவதைக் கேட்க முடியும்.

கேட்கும் வரிசை: முதலில் 1970இன் இரண்டு ஆல்பங்கள். அடுத்து 1973 கச்சேரிகளில் பதிவான ‘லைவ் அட் லாஸ்ட்’. குழுவின் அனுமதியில்லாமல் 1980இல் வெளியானது, பதிவும் கரடுமுரடு. இளவயது ஓஸி மேடையில் எப்படிப் பாடினார் என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு ‘ரீயூனியன்’, ‘தி எண்ட்’, கடைசியில் வில்லா பார்க். ‘13’ பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பம்தான், இருந்தாலும் அது அவசரமில்லை.

இனி உங்கள் கிதார். 10–46 கம்பிகளை (எண்கள் மெல்லிய கம்பி, தடித்த கம்பி இவற்றின் தடிமன்) அப்படியே வைத்துக்கொண்டு ஈயிலிருந்து சி ஷார்ப்புக்கு இறக்கியிருப்பீர்கள். மூன்று அரைச்சுரம் இறங்கினால் கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். தளர்ந்த கம்பியைச் சாதாரணமாக அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். அதுதான் கார்டில் கேட்கும் அபஸ்வரம். அயோமி மெல்லிய கம்பியில் சமாளித்தது அவருடைய தொடுகை அவ்வளவு லேசு என்பதால். பழகாத கைக்கு அது வராது. பழைய இழுவிசை வேண்டுமானால் கம்பி சுமார் 1.19 மடங்கு தடிக்க வேண்டும். 12–54 செட் வாங்குங்கள். மூன்றாவது கம்பி சுற்றுக்கம்பியா வெறும் கம்பியா என்று பார்த்து வாங்குங்கள். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் வரிசை) வாசிக்கச் சுற்றுக்கம்பி சுருதியில் நிற்கும், ஆனால் அதை வளைக்கக் கஷ்டப்படுவீர்கள்.

தடித்த கம்பி நட்டின் (கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பழைய பள்ளத்தில் உட்காராது. மேலே தொற்றிக்கொண்டு நிற்கும். டியூன் செய்யும்போது ‘டிக்’ என்று சத்தம் வந்து சுருதி குதித்தால் அதுதான் அறிகுறி. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் கூடினால் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும். கையில் அரம் இல்லையென்றால் கிதார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் 12ஆம் ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஓசை) அதே இடத்தில் அழுத்திய ஸ்வரத்தையும் டியூனரில் பாருங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலை (கிதாரின் அடிப்பக்கம் கம்பியைத் தாங்கும் துண்டு) கழுத்திலிருந்து விலக்கிப் பின்னுக்கு நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் முன்னுக்கு.

பேஸ் வாசிப்பவர் ஐந்து கம்பி செட் ஒன்று வாங்கி, கடைசி மெல்லிய கம்பியை விட்டுவிட்டு மற்ற நான்கையும் நாலு கம்பி பேஸில் மாட்டட்டும். பி, ஈ, ஏ, டி ஒவ்வொன்றையும் இரண்டு அரைச்சுரம் ஏற்றினால் சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ கிடைத்துவிடும். அங்கேயும் நட் பள்ளம் பார்க்க வேண்டும். கீபோர்டுக்கு டிரான்ஸ்போஸ் மைனஸ் 3.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால் உங்கள் பாடகரை ஆல்பத்தின் சுருதியிலேயே ஒரு தடவை பாட வைத்துப் பாருங்கள். இருபது வயதுக் குரலுக்கு மூன்று கட்டையே எட்டலாம். எட்டினால் கம்பிக் காசு மிச்சம்.

அன்புடன்