கொல்லையில் கோழிக்கூடு: சுவருக்குச் செலவழிக்காதீர்கள், வலைக்குச் செலவழியுங்கள்

கேள்வி: வீட்டுக் கொல்லையில் 12 நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்றிருக்கிறேன். கூட்டை எதில் கட்டுவது? செங்கல் சுவர் எழுப்பி ஆஸ்பெஸ்டாஸ் போட்டால் சரிவருமா?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

நாட்டுக்கோழி பகலில் கூட்டில் அடங்காது. விடிந்தால் குப்பைமேடு, வாழையடி, வைக்கோல்போர் என்று கிளறப் போய்விடும். பொழுது சாய்ந்த பிறகுதான் அதற்குக் கூடு வேண்டும். இருட்டிவிட்டால் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. பக்கத்துக் கோழியை மரநாய் இழுத்துக்கொண்டு போனாலும், அடுத்த கோழி ஓடத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆகவே ராத்திரி முழுக்கக் காவலும் காற்றும் கிடைக்கிற இடமாகக் கூடு இருந்தால் போதும். இந்த இரண்டுக்கும் எது உதவுமோ அதற்கு மட்டும் காசு போடுங்கள்.

செங்கல் சுவர் காவல் தரும், காற்றைத் தராது. கோழிக்கு வியர்க்காது. அதன் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸுக்கு மேல். வாயைப் பிளந்து மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ளும். அக்னி நட்சத்திர நாளில் செங்கல் பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரியில் உள்ளே கக்கும். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவுக்கும் வெளியேற வழியிருக்காது. காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் கண் எரிந்தால், கோழி அந்தக் காற்றையே ராத்திரி முழுக்கக் குடித்திருக்கிறது என்று அர்த்தம்.

12 பெட்டைக்கும் ஒரு சேவலுக்கும் 6 அடி நீளம், 4 அடி அகலம் போதும். இது இரவுத் தங்கலுக்கான அளவு. பகலிலும் அடைத்தே வளர்ப்பதென்றால் இதைப் போல இரண்டு மூன்று மடங்கு இடம் வேண்டும். அகலத்தை 4 அடிக்கு மேல் கூட்டாதீர்கள். கை எட்டாத மூலையில்தான் எச்சம் சேரும். ஒரு பக்கம் முழுவதும் கதவாக வைத்தால் கூட்டுவதும் கழுவுவதும் சுலபம். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கூடு நிற்கட்டும். மண்ணில் புதைகிற கால்கள் சிமெண்ட் கல்லாகவோ செங்கல் தூணாகவோ இருக்கட்டும். சவுக்குக் கம்பை அப்படியே நட்டால் கரையான் தின்றுவிடும். மேல் சட்டத்துக்குச் சவுக்கோ பனஞ்சட்டமோ போதும்.

அடுத்தது வலை. கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் போட்ட மெல்லிய முறுக்குக் கம்பி வலையைத் தருவார்கள். கோழி வெளியே போகாமல் அது தடுக்கும், அவ்வளவுதான். தெருநாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வெல்டு மெஷ் வலை வாங்குங்கள்: கண் அரை அங்குலத்துக்கு 1 அங்குலம், கம்பி 14 கேஜ். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்; 20 கேஜ் விலை மலிவு என்று ஏமாற வேண்டாம். கண் அகலமாக இருந்தால் எலி நுழையும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். கடலோர ஊராக இருந்தால் துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. கம்பியா என்று கேட்டு வாங்குங்கள், உப்புக்காற்று மற்றதைச் சீக்கிரம் அரித்துவிடும். நாலு பக்கமும் அடித்தளமும் இதே வலைதான். எச்சம் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். பழைய தகரம் ஒன்றைப் போட்டு வைத்தால் அள்ள வசதி. கோழி எரு சூடு மிகுந்தது, மக்க வைத்த பிறகே செடிக்குப் போடுங்கள்.

கூரைக்கு என் முதல் தேர்வு சீமை ஓடு. பழைய வீடு இடிக்கிற இடத்தில் மலிவாகக் கிடைக்கும். ஓட்டுக்கு அடியிலும் வலை அடிப்பது கட்டாயம், மரநாய் ஓட்டைத் தள்ளிக்கொண்டு இறங்கும். கனம் தாங்காது என்றால் தகரம் போட்டு, அதன் மேல் தென்னங்கீற்று வேயுங்கள். கீற்று மட்டும் போட்டால் குளிர்ச்சிதான், ஆனால் எலியும் செள்ளும் அதில் குடியேறும், இரண்டு வருஷத்தில் மாற்றவும் வேண்டியிருக்கும். ஆஸ்பெஸ்டாஸை அறுக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கிற நார்த்தூசி நுரையீரலுக்குள் போகும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வீட்டில் கிடக்கிற பழைய துண்டு என்றாலும் கூட்டுக்கு எடுக்காதீர்கள்.

கூரை நாலு பக்கமும் ஒன்றரை அடியாவது வெளியே நீளட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை சாய்வாக அடிக்கும். வடக்கிலும் கிழக்கிலும் படுதா கட்டி, மழை வந்தால் இறக்கிவிடுங்கள். அப்போதும் மேலே ஒரு சாண் திறந்திருக்க வேண்டும். நாங்கள் டெல்டாக்காரர்கள், 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் கொட்டகைகளை என்ன செய்தது என்று பார்த்தவர்கள். கூரையைக் கம்பியால் தூணோடு முறுக்கிக் கட்டாமல் விடமாட்டோம். வேம்பு, புங்கை நிழல் இருந்தால் அங்கே வையுங்கள். தென்னையடி வேண்டாம், மட்டையோ காயோ விழுந்தால் கூரை போய்விடும்.

உள்ளே, கோழி உட்கார்ந்து தூங்கக் கழி வேண்டும். ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்றால் 6 அடிக் கழி இரண்டு தாராளம். இரண்டையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள், இல்லையென்றால் மேல் கழிக்குத் தினமும் சண்டை. பிவிசி பைப் வழுக்கும். சவுக்குக் கழியின் பட்டையை உரித்துவிட்டுப் போடுங்கள். காரணம் உண்ணி. கோழி உண்ணி பகலில் மரப்பட்டையிலும் மூங்கில் பிளவிலும் ஒளிந்திருந்து ராத்திரியில் வந்து ரத்தம் குடிக்கும், மாதக்கணக்கில் பட்டினியும் கிடக்கும். கோழி இளைக்கிறது, முட்டை குறைகிறது என்றால் முதலில் கழியின் இடுக்குகளைப் பாருங்கள். மூங்கில் பிளாச்சை நான் ஒதுக்குவது இதனால்தான். மரப்பகுதிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடியுங்கள், பிளவுக்குள் இறங்கும்படி.

முட்டையிட 12 அங்குலச் சதுரத்தில் மூன்று பெட்டி. தக்காளிப் பெட்டியே போதும், உள்ளே வைக்கோல். இருட்டான மூலையில், கழியைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரத்தில் வைத்தால் அதில் ஏறித் தூங்கி எச்சமிட்டு நாறடித்துவிடும்.

கதவுக்குக் கயிறு கட்டிவிட்டுப் போகாதீர்கள். நாதாங்கியும் கொண்டியும் போட்ட இரும்புத் தாழ்ப்பாள் வேண்டும். கீரி ராத்திரியில் வராது, பட்டப்பகலில் குஞ்சுக்காக வரும். அதற்குக் கூடு உதவாது. குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியை ஒரு மாதமாவது பஞ்சாரத்தில், அதாவது கோழியைக் கவிழ்த்து மூடும் பெரிய கூடையில், அடைத்து வையுங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கும் எந்தக் கூடும் தடையில்லை. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுத் தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கோழிகள் வந்ததும் முதல் நாலைந்து நாள் திறந்துவிடாமல் புதுக்கூட்டிலேயே அடைத்து, உள்ளேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள். அதன் பிறகு பொழுது சாயும் நேரத்தில் ஒரு பிடி குருணையைக் கூட்டுக்குள் போட்டால் தானாக வந்து அடையும். அப்படியும் ஒன்றிரண்டு முருங்கை மரத்தில் ஏறினால், இருட்டியதும் கையால் பிடித்துக் கழியில் கொண்டுவந்து உட்கார வையுங்கள். சில நாளில் பழகிவிடும்.