கணுக்காலில் மின்துடிப்பு: பெருவிரல் ஏன் அசையவில்லை?

கேள்வி: உயிர்மருத்துவப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சிறுநீரை அடக்க முடியாத அவசரத் தொல்லைக்காக, கணுக்கால் நரம்பைத் தோல் வழியே தூண்டும் கருவி செய்திருக்கிறேன். 1 கிலோ ஓம் மின்தடையில் 25 மில்லிஆம்பியர் சரியாக வருகிறது. காலில் ஒட்டினால் பெருவிரல் அசைவதில்லை, தோல்தான் எரிகிறது. கோளாறு எங்கே?
- ஆய்வு மாணவி, கோவை

பதில்: 1 கிலோ ஓமுக்கு 25 வோல்ட் போதும். காலில் ஒட்டும் மின்முனைப் பட்டையும் தோலும் சேர்ந்தால் 2 கிலோ ஓம் எளிதாக வரும். ஜெல் காய்ந்திருந்தால் இன்னும் கூடும். அப்போது 50 வோல்ட் வேண்டும். உங்கள் மின்சுற்று 30 வோல்ட்டில் நின்றுவிட்டால் 15 மில்லிஆம்பியருக்கு மேல் போகாது. திரையோ நீங்கள் கேட்ட 25-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். தொடரில் 10 ஓம் வைத்து அளந்தால் உண்மை தெரியும்: 250 மில்லிவோல்ட் வர வேண்டும். கால் இணைந்திருக்கையில் சுவர் மின்சாரத்தில் ஓடும் அலைகாட்டியோ (ஆசிலோஸ்கோப்), சார்ஜ் ஏறும் மடிக்கணினியோ கூடவே கூடாது; பேட்டரி அலைகாட்டியால் அளவுங்கள்.

எரிச்சலுக்கு, துடிப்பு ஒரே திசையில் போகிறதா என்று முதலில் பாருங்கள். 25 மில்லிஆம்பியர், 200 மைக்ரோவிநாடி, விநாடிக்கு 20 துடிப்பு என்றால் சராசரியாக 100 மைக்ரோஆம்பியர் நேர்மின்னோட்டம் தோலில் ஓடும். அரைமணி நேரத்தில் பட்டைக்கடியில் அமிலமும் காரமும் சேர்ந்து புண்ணாக்கிவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் அதே மின்னூட்டத்தில் எதிர்த்துடிப்பு கொடுங்கள். தொடரில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் போடுங்கள். துடிப்புக்கு அரை வோல்ட்தான் இழப்பு. ஓரம் தூக்கிய பட்டையும் எரிக்கும், மின்சாரம் முழுதும் ஒட்டிய இடத்திலேயே குவிவதால்.

இடம்: எதிர்முனை உட்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், நேர்முனை அதற்கு 10 செ.மீ. மேலே. முனை மாறினால் தேவைப்படும் மின்னோட்டம் கூடும். கால் வீங்கியவர்களுக்கு நரம்பு எட்டுவது கடினம். பெருவிரல் மடங்கினாலோ உள்ளங்காலில் கூச்சம் பரவினாலோ நரம்பு கிடைத்துவிட்டது. பேஸ்மேக்கர் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் சேர்க்காதீர்கள். யார் காலிலும், உங்கள் காலிலும்கூட, நெறிமுறைக் குழு அனுமதிக்கு முன் ஒட்டாதீர்கள்.

கேள்வி: காலைத் தூண்டினால் சிறுநீர்ப்பை எப்படி அடங்கும்?
- வாசகர், மதுரை

பதில்: அந்த நரம்பின் வேர்களில் சில, சிறுநீர்ப்பையை ஆளும் அதே திரிகப் பகுதியிலிருந்து, அதாவது தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து, வருகின்றன. அங்கேதான் அவசர உணர்வு தணிக்கப்படுவதாகக் கருதுகிறார்கள். பட்டைக்குப் பதில் நரம்பருகே மெல்லிய ஊசி செருகித் தூண்டும் முறையில் வாரம் ஒருமுறை 30 நிமிடம், 12 வாரம். அமெரிக்காவில் 220 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களில் 54.5 சதவீதம், போலிச் சிகிச்சை பெற்றவர்களில் 20.9 சதவீதம். கோவை மாணவி இந்த இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும். அவர் ஒப்பிட வைக்கும் போலிக் கருவியும் தோலில் ஏதோ உணர்த்த வேண்டும், நரம்பைத் தொடக்கூடாது.