ஸ்கோப்பில் கேமராவை வைத்தால் கருவளையம் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் (தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) ஐபீஸில், அதாவது கண்வைத்துப் பார்க்கும் லென்ஸில், சின்ன கேமராவைப் பொருத்திப் பறவைகளைப் படமெடுப்பது பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: என்னிடம் முன்லென்ஸின் விட்டம் 65 மி.மீ. உள்ள ஸ்கோப், 20–60 மடங்கு ஜூம் ஐபீஸ். காம்பாக்ட் கேமராவை அதில் வைத்தால் நடுவில் மட்டும் வட்டமாகப் படம் விழுகிறது, சுற்றிலும் கறுப்பு. சில நேரம் அவரைவிதை மாதிரி ஒரு நிழல் வேறு நகர்கிறது. ஸ்கோப்பில் குறையா, கேமராவில் குறையா? (வாசகர், செங்கல்பட்டு)

இரண்டிலும் குறையில்லை. அவரைவிதை நிழல் வந்தால் கேமரா நடுவில் உட்காரவில்லை, அல்லது ஐபீஸிலிருந்து இருக்கவேண்டிய தூரத்தில் இல்லை. அதை அடுத்த பதிலில் பார்க்கலாம். கறுப்பு வளையத்தின் கதை வேறு.

ஐபீஸ் என்பது ஒரு வட்ட ஜன்னல். உங்களுடையது போன்ற ஜூம் ஐபீஸ்களில் 20 மடங்கில் அந்த ஜன்னலின் அகலம் ஏறக்குறைய 40 பாகைதான். கேமராவோ ஆன் செய்தவுடன் 28 மி.மீ. அகலக் கோணத்தில் நிற்கும். மூலைக்கு மூலை அது 75 பாகை பார்க்கும். 40 பாகை ஜன்னலை 75 பாகைக் கண்ணால் பார்த்தால் சுவரும் சேர்ந்துதானே தெரியும்! கேமராவின் ஆப்டிகல் ஜூமை 60 மி.மீ. வரை தள்ளுங்கள் (35 மி.மீ. ஃபிலிம் கணக்கில்). அதன் பார்வை 40 பாகைக்குச் சுருங்கி, மூலைகள் தெளிந்துவிடும். அப்போது உங்கள் கையில் இருப்பது 20 × 60, அதாவது 1200 மி.மீ. லென்ஸ். வேடந்தாங்கல் ஏரிக்கரையிலிருந்து எதிர் மரத்து நத்தைகுத்தி நாரையின் அலகில் இருக்கும் இடைவெளியைக் காட்ட இது போதும்.

ஒரு விநோதம்: ஜூம் ஐபீஸை 20இலிருந்து 25, 30க்குத் திருப்பினால் ஜன்னல் அகலமாகும், வளையமும் சுருங்கும். 65 பாகை காட்டும் அகலக்கோண நிலை ஐபீஸ் (ஜூம் இல்லாத, ஒரே மடங்கு ஐபீஸ்) கிடைத்தால் 35 மி.மீ.யிலேயே மூலைகள் சுத்தம். இந்த வேலைக்கு ஜூம் ஐபீஸைவிட 20 அல்லது 30 மடங்கு நிலை ஐபீஸே மேல் என்று பழகியவர்கள் சொல்வது இதனால்தான்.

டிஜிட்டல் ஜூமைத் தொடவேண்டாம். அது வெறும் கத்தரிப்பு. வீட்டில் கணினியிலேயே செய்துகொள்ளலாம்.

கேள்வி: பிவிசி பைப்பில் நானே அடாப்டர் (கேமராவை ஐபீஸோடு இணைக்கும் துண்டு) செய்யலாமா? என்ன அளவு? (வாசகி, கோவில்பட்டி)

தாராளமாகச் செய்யலாம். ஆனால் பைப் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு காகிதச் சோதனை. ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தின் பக்கம் திருப்புங்கள் (சூரியன் இருக்கும் பக்கம் கூடவே கூடாது, கண்ணும் போகும், கேமராவும் போகும்). ஐபீஸின் ரப்பர் வளையத்தை இறக்கிவிட்டு, பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் பளிச்சென்று, விளிம்பு கூர்மையாக ஒரு சின்ன ஒளிப்பொட்டு விழும். 65 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்குக்கு அதன் விட்டம் 65 ÷ 20, அதாவது சுமார் மூன்றேகால் மி.மீ. ஐபீஸ் கண்ணாடியிலிருந்து காகிதம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கோப்பின் வெளிச்சம் முழுவதும் அந்தப் பொட்டு வழியாகத்தான் வருகிறது. கேமரா அதை அப்படியே விழுங்கவேண்டும்.

கேமராவின் ஒளிவாசல் அதன் முன் கண்ணாடிக்குச் சில மி.மீ. உள்ளே இருக்கிறது. ஆகவே காகிதம் 17 மி.மீ.யில் நின்றால், கேமரா கண்ணாடியை 8 முதல் 12 மி.மீ.க்குள் வைத்துப் பாருங்கள். திரையில் வட்டம் மிகப் பெரிதாகவும் விளிம்பு கூர்மையாகவும் தெரியும் இடமே சரியான இடம். கண்ணாடியோடு கண்ணாடி மட்டும் முட்டக்கூடாது.

இனி பைப். ஐபீஸின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து, அதைவிட 2–3 மி.மீ. கூடுதல் உள்விட்டம் உள்ள துண்டாகப் பாருங்கள். இடைவெளியைப் பழைய சைக்கிள் டியூப் அல்லது வெல்வெட் துணியால் நிரப்பலாம். பைப்பைச் சுற்றி மூன்று இடத்தில் சம இடைவெளியில் துளைபோட்டு நைலான் ஸ்க்ரூ மாட்டினால், அவற்றைத் திருகியே கேமராவுக்கு நேராக நடுப்படுத்தலாம். பைப்பின் உட்பக்கத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்புப் பெயின்ட் கட்டாயம். வெள்ளை பிவிசியை அப்படியே விட்டால் வெளிச்சம் சிதறி, படம் மோர் ஊற்றியதுபோல் வெளிறிப்போகும்.

பலரும் கேமராவைப் பாழாக்குவது இந்த இடத்தில்தான்: பைப் கேமராவின் வெளியே நீளும் குழலைத் தொடவே கூடாது. அந்தக் குழலை நகர்த்துவது பொடிப் பொடி பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். எதிலாவது முட்டினால் பல் உடையும், திரையில் லென்ஸ் எரர் என்று வரும். சரிசெய்ய ஆகும் செலவில் பழைய கேமரா ஒன்றே வாங்கிவிடலாம். எனவே பாரத்தைக் கேமராவின் உடல் தாங்கட்டும். ஓர் அலுமினிய எல் பட்டையை பைப்போடு சேர்த்து, கேமராவின் அடியில் உள்ள ட்ரைபாட் துளையில் 1/4 அங்குல ஸ்க்ரூவால் முடுக்குங்கள். ஸ்க்ரூ 5 மி.மீ.க்கு மேல் உள்ளே போகவேண்டாம். எப்போதும் முதலில் கேமராவை ஆன் செய்து, ஜூமை வைத்து, பிறகே ஐபீஸில் செருகுங்கள். கழற்றிய பிறகே ஆஃப் செய்யுங்கள். தானாக அணையும் நேரத்தை மெனுவில் எவ்வளவு கூட்டமுடியுமோ அவ்வளவு கூட்டிவையுங்கள். இல்லையென்றால் பறவைக்காகக் காத்திருக்கும்போது குழல் தானாக உள்ளே போய், திரும்ப நீளும்போது ஐபீஸில் முட்டும்.

கேள்வி: 60 மடங்கில் எடுத்த படம் எல்லாமே மங்கல். ஸ்கோப் மட்டமானதோ? (வாசகர், நாகப்பட்டினம்)

நல்ல ஸ்கோப்பும் 60இல் இதைத்தான் செய்யும். மேலே சொன்ன ஒளிப்பொட்டு 60 மடங்கில் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலாகச் சுருங்கிவிடுகிறது. சாதாரண சின்ன சென்சார் கேமராவில், அதே 60 மி.மீ. ஜூமில், கணக்குப் போட்டால் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எண் கூடினால் துளை குறுகும்) எஃப் 4இலிருந்து கிட்டத்தட்ட எஃப் 10க்குப் போகிறது. வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு. 20இல் ஷட்டர் வேகம் 1/500 நொடி கிடைத்த இடத்தில் 1/80தான் கிடைக்கும். ஆட்டமோ மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும். போதாததற்கு, அவ்வளவு குறுகிய துளையில் ஒளியே விரிந்து சிதறுவதால் கூர்மையும் போகிறது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்வை) ஏற்றினால் புள்ளி புள்ளியாகிவிடும். 60 மடங்கை, பறவையின் காலில் மாட்டிய அடையாள வளையத்து எண்ணைப் படிக்க வைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு 20, மிஞ்சினால் 30.

ஆட்டத்துக்கு: 2 நொடி செல்ஃப் டைமர், ட்ரைபாட்டின் நடுக்கம்பத்தை உயர்த்தாமல் இருப்பது, அடியில் பையைத் தொங்கவிடுவது. கேமரா ஏறியதும் பின்பாரம் கூடும். ஸ்கோப்பை பிளேட்டில் சற்று முன்னால் தள்ளி மாட்டுங்கள். கண்காணிப்புக் கோபுரத்தில் யாராவது படியேறினாலே படம் ஆடும். கரையில் தரையோடு உட்கார்ந்து எடுப்பது எவ்வளவோ மேல்.

கேள்வி: கண்ணால் பார்க்கையில் ஸ்கோப்பில் கத்திமாதிரி கூர்மை, கேமராவை வைத்தால் ஃபோகஸ் இல்லை. (வாசகி, சேலம்)

கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுபவரா? கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் செய்தால், ஸ்கோப் உங்கள் கண்ணின் குறைக்கு ஏற்பத் திருப்பப்பட்டிருக்கும். கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது. கண்ணாடியோடு ஃபோகஸ் செய்து, கேமராவை மலைக்குறி உள்ள தூரக்காட்சி நிலையில் வையுங்கள். பிறகு திரையைப் பெரிதாக்கி, பறவையின் கண் கூர்மையாகும்வரை ஸ்கோப்பின் ஃபோகஸ் சக்கரத்தை மயிரிழை திருப்பினால் போதும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: தூத்துக்குடி உப்பளத்தில் பதினோரு மணிக்கு எடுத்த பூநாரைகள் தண்ணீருக்குள் தெரிவதுபோல் நெளிகின்றன. எந்த செட்டிங்கை மாற்றவேண்டும்? (வாசகர், ஏரல்)

கடிகாரத்தை. அது கானல். சூடேறிய தரைமேல் காற்று புரள்கிறது. அந்தப் புரளலையும் சேர்த்தே ஸ்கோப் பெரிதாக்குகிறது. எந்த லென்ஸும் இதைத் தீர்க்காது. விடிந்ததிலிருந்து எட்டரை, ஒன்பதுக்குள் எடுங்கள். 50 மீட்டருக்குள் உள்ள பறவையாக இருந்தால் நெளிவு குறையும். அதற்காகக் கூட்டத்தை நோக்கி நடக்காதீர்கள். தலைகள் ஒன்றாக நிமிர்ந்தாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கேள்வி: வெண்கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது. (வாசகர், திருவாரூர்)

எக்ஸ்போஷரை மைனஸ் 2/3 வையுங்கள், உச்சிவெயில் என்றால் மைனஸ் 1. ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சின்னப் புள்ளியில் மட்டும் வெளிச்சத்தை அளப்பது) வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கொக்கின்மேல் அளந்தால் அது கொக்கைச் சாம்பலாக்கிவிடும். வானத்தை முதுகுக்கு வைத்து உட்காரும் நீர்க்காகத்துக்கு நேர்மாறாக, பிளஸ் 1.

கேள்வி: பழைய நிக்கான் கூல்பிக்ஸ் 4500 ஒன்று விலைக்கு வருகிறது. இந்த வேலைக்கு நல்லது என்கிறார்களே? (வாசகர், ஈப்போ, மலேசியா)

உங்கள் நாட்டு லாரன்ஸ் போ இந்தக் கலையைப் பரப்பிய முன்னோடிகளில் ஒருவர். அவர் தொடங்கியது அதன் மூத்த மாடலான கூல்பிக்ஸ் 950இல். இவற்றின் லென்ஸ் வெளியே நீளாது, முன்னால் 28 மி.மீ. மரையும் உண்டு, அடாப்டரை நேராகத் திருகிவிடலாம். நாம் மேலே புலம்பிய பல்சக்கரத் தொல்லையே கிடையாது. ஆனால் 4 மெகாபிக்சல்தான், மெதுவானது, காம்பாக்ட்ஃப்ளாஷ் கார்டு தேடி அலையவேண்டும். பாட்டரி நன்றாக இருந்து, விலையும் மலிவென்றால் வாங்குங்கள்.

கேள்வி: பறக்கும் பறவையை எடுக்கலாமா? (வாசகி, மன்னார்)

இதில் முடியாது. கேமரா ஃபோகஸ் தேடி முடிப்பதற்குள் பறவை அக்கரை சேர்ந்துவிடும்.