பம்பு இல்லாத உலை

கேள்வி: புதிதாக வரும் சிறிய அணு உலைகள் சிலவற்றில் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றவிடப் பம்பே கிடையாதாமே! கரண்ட் போனாலும் தண்ணீர் தானே ஓடுமாம். நம்பலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நம்பலாம். ‘தானே’ என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

எங்கள் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் மாட்டிய புதிதில் ஒரு வாரம் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தோம். தகட்டைத் தொட்டால் கை சுடும். மேலே தொட்டியில் சூடே இல்லை. அதிலும் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். தொட்டியின் அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் கனத்தால் இறங்கித் தகட்டுக்கு வரும். பிளம்பர் ஏறுகுழாயை நடுவில் ஒட்டக முதுகாக வளைத்துவிட்டார். அந்த மேட்டில் காற்று அடைத்து ஓட்டமே நின்றுபோனது. குழாயைச் சீரான ஏற்றமாக மாற்றிய மறுநாளே வெந்நீர்.

அமெரிக்காவின் நியூஸ்கேல் உலையும் இதே சங்கதிதான். 50 மெகாவாட் மின்சாரம் தரும் அதன் வடிவமைப்புக்கு 2023-இல் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சான்று தந்தது. அடியில் எரிபொருள், நடுவில் நெட்டுக்குத்தாக ஏறுகுழாய், அதன் மேற்பகுதியைச் சுற்றி நீராவி உண்டாக்கும் சுருள் குழாய்கள். அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் ஓரமாக இறங்கி அடிக்குத் திரும்பும். வெளிக்கலனின் விட்டம் 15 அடி, உயரம் 76 அடி! தண்ணீரைத் தள்ளும் பலம் உயரத்திலிருந்து வருகிறது. அதனால்தான் இந்தப் பனைமர வாகு. யோசனையும் புதிதல்ல. நெதர்லாந்தின் டோடவார்ட் உலை 1969 முதல் 1997 வரை பம்பில்லாமல்தான் ஓடியது.

உலையை நிறுத்திவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நிறுத்திய கணத்திலும் ஆறேழு சதவீத வெப்பம் வந்துகொண்டே இருக்கும். 160 மெகாவாட் வெப்பம் தரும் இந்தச் சிறிய உலையிலேயே அது சுமார் 10 மெகாவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி பத்தாயிரம் எரிகிற மாதிரி.

இனி என் தயக்கத்துக்கு வருகிறேன். ஃபுகுஷிமாவின் 1-ஆம் உலையிலும் பம்பில்லாத குளிர்விப்பு ஒன்று இருந்தது. நீராவி மேலேறித் தொட்டித் தண்ணீருக்குள் போகும் குழாய்களில் குளிர்ந்து, நீராகி, சொந்தக் கனத்தால் உலைக்கு இறங்கும். 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்துக்குப் பிறகு அது உலையை மளமளவென்று குளிரவைத்தது. வேகம் அதிகம் என்று ஊழியர்கள் அதன் வால்வை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். சுனாமி வந்த நேரத்தில் வால்வு மூடிக் கிடந்தது. கரண்ட் போனதும் அது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காட்டும் விளக்குகளும் அணைந்துவிட்டன. முதலில் உருகியது அந்த உலைதான்.

நியூஸ்கேலில் அவசரக் குளிர்விப்பு வால்வுகளைத் தலைகீழாக அமைத்திருக்கிறார்கள். மின்சாரம் இருக்கும்வரை அதுதான் அவற்றை மூடிப் பிடித்திருக்கும். கரண்ட் போனால் பிடி விட்டுப்போய்த் திறந்துகொள்ளும். நீங்கள் சொன்ன ‘தானே’ அந்த வால்வுக்குப் பொருந்தும்.