கிழவி கண்ணில் படாத பேய்

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் ‘கரேஜ் த கவர்ட்லி டாக்’ கார்ட்டூனை ஒன்றுவிடாமல் பார்த்தவன் நான். போன மாதம் அதை என் மகளுக்கு மொபைலில் போட்டுக் காட்டினேன். எட்டு வயது. மூன்று கதை பார்த்தாள், நன்றாகச் சிரித்தாள். அன்று ராத்திரியிலிருந்து பின்வாசல் பக்கம் தனியாகப் போகமாட்டேன் என்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம். என் அம்மை என்னைத்தான் திட்டுகிறாள்.

நானே மறுபடி பார்த்தபோது பயமும் வரவில்லை, சிரிப்பும் பெரிதாக வரவில்லை. பேய் வருது, நாய் கத்துது, பேய் போகுது, எல்லாம் பழையபடி. பயத்தில் சிரிப்பைக் கலந்தால் இரண்டும் கெட்டுப்போகும் என்று தோன்றுகிறது. பதினோரு நிமிடக் கதையில் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாதோ?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

அம்மை திட்டுவது நியாயம்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொழுது இருட்டிய பிறகு எட்டு வயதுப் பிள்ளைக்கு எகிப்து ராஜா ராம்சஸ் பேயாக வருகிற கதையைப் போட்டிருந்தீர்கள் என்றால் நானும் திட்டுவேன்.

பார்க்காதவர்களுக்காக நாலு வரி. ஜான் டில்வொர்த் உருவாக்கிய தொடர். முன்னோட்டமாக அவர் செய்த குறும்படம், விண்வெளியிலிருந்து வரும் ஒரு கோழியைப் பற்றியது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 1999 நவம்பரில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கி 2002 நவம்பரில் முடிந்தது. 52 எபிசோடு, பெரும்பாலும் ஒன்றில் இரண்டு கதை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எங்குமில்லை என்றே பெயர் வைத்த ஒரு பொட்டல்வெளி, அதில் ஒற்றை வீடு, ஒரு காற்றாலை. முரியல் என்ற கிழவி, யூஸ்டஸ் என்ற சிடுமூஞ்சிக் கிழவர், கரேஜ் என்ற பயந்தாங்கொள்ளி நாய். அவ்வளவுதான் குடும்பம். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் சாயங்காலம் பைக்கில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுதான் ஞாபகம் வரும், அங்கே காற்றாலைக்குப் பஞ்சமில்லை, இசக்கி அம்மனும் இருக்கிறாள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயத்தில் சிரிப்பைக் கலந்தால் கெட்டுப்போகும் என்கிறீர்கள். நம்ம ஊர்க் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர் இப்படிச் சொல்லலாமா? சுடலைமாடசாமிக்குச் சாமக்கொடை. நடு ராத்திரியில் சாமி வரவேண்டும். அதற்கு முன்னால் பதினோரு மணிவாக்கில் வில்லுப்பாட்டுப் புலவர் என்ன செய்கிறார்? முன்வரிசையில் தூங்கி விழுகிற ஆளை வம்புக்கு இழுக்கிறார், குடம் அடிக்கிறவரைக் கிண்டல் செய்கிறார், பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குகிற இடத்தில்தான் மேளம் மாறுகிறது. சிரித்து நெஞ்சு இளகிய ஆளுக்குத்தான் அடுத்த நிமிடம் சிலிர்க்கும். தோல்பாவைக் கூத்திலும் இதுதான், ராவணன் சபை கம்பீரமாக நடக்கும்போது கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து அசிங்கமாக எதையாவது பேசிவிட்டுப் போவார்கள், அதனால் ராவணன் சிறுத்துப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் கரேஜ் செய்வது இதிலிருந்து கொஞ்சம் வேறு. அதில் சிரிப்பு ஒரு இடத்திலும் பயம் ஒரு இடத்திலுமாக வருவதில்லை. வாசலில் நிற்கிற ஒரே உருவத்தை இரண்டு பேர் பார்க்கிறார்கள். நாய்க்கு அது பேய். முரியலுக்கு அது விருந்தாளி, பாவம் தூரத்திலிருந்து வந்திருக்கிறது, டீ போட்டுக் கொடுக்கவேண்டும். நாயால் வாய்விட்டு அவளிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது, தன் உடம்பையே அந்தப் பேய் மாதிரி உருமாற்றிக் காட்டிக் கதறுகிறது, அவள் ‘என்னடா செல்லம்’ என்று தலையைத் தடவிவிட்டு அடுக்களைக்குப் போகிறாள். இதில் எது பயம், எது சிரிப்பு? பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். எனக்கு முடியவில்லை.

ஃப்ரெட் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முரியலுக்கு மருமகன் முறை, முடிதிருத்துகிறவன், பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு, அது கதை முடியும்வரை முகத்தை விட்டு இறங்காது. எதுகை மோனையோடு தாழ்ந்த குரலில் தன் பழைய கதையைச் சொல்லிக்கொண்டே குளியலறையில் நாயோடு அடைபட்டுக் கிடக்கிறான். என்ன செய்கிறான்? சிரைக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்கிற கொடுமை. யோசித்தால் ஒன்றுமே இல்லை, ரத்தம் இல்லை, சாவு இல்லை, ரோமம் போகிறது. ஆனாலும் அந்தக் குரல் நின்ற பிறகுதான் நான் மூச்சு விட்டேன். கழுதை வயசில் பார்த்தபோதும் அப்படித்தான்.

இந்த இடைவெளி, அதாவது நாய்க்குத் தெரிந்து கிழவிக்குத் தெரியாத அந்த இடம், பதினோரு நிமிடம்தான் தாங்கும். இரண்டு மணி நேரப் படமாக இழுத்தால் முரியலை முட்டாள் என்று நினைத்துவிடுவோம். (இரண்டு கதையின் நேரத்தை ஒரே கதைக்குக் கொடுத்த ஜாலோஸ்ட் கதை மட்டும் நன்றாகவே வந்திருக்கிறது. துக்கம் பிடிக்கவைக்கிற பீரங்கிக் குண்டு விழுந்து ஊரே அழும்போது யூஸ்டஸிடம் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை, ஆள் ஏற்கெனவே அப்படித்தான்.)

இன்னொரு பலம், படம் வரைந்த விதம். எல்லாம் கையால் வரைந்த கோட்டுச்சித்திரம், திடீரென்று அதற்குச் சம்பந்தமே இல்லாத கணினி உருவம் ஒன்று ராத்திரி வெளியில் ஒல்லியாக ஆடிக்கொண்டு நின்று, ‘பலகையைத் திருப்பிக் கொடு’ என்கிறது. ராம்சஸ். அந்த வீட்டு உலகத்தைச் சேர்ந்தது இல்லை இது என்று கண்ணுக்கு முதலில் தெரிந்துவிடுகிறது. உங்கள் மகள் பயந்தது இதற்காகத்தான் இருக்கும். அவன் அனுப்புகிற மூன்று சாபத்தில் நடுவில் வருவது சகிக்கமுடியாத ஒரு பாட்டு, வெள்ளத்துக்கும் வெட்டுக்கிளிக்கும் நடுவில் ஒரு இசைத்தட்டு, இந்தக் குறும்பு வேறு யாருக்கு வரும்?

குறைகள் இல்லையா? இருக்கின்றன, நீங்கள் சொன்னது பாதி உண்மை. பேயை விரட்டும் வழி பல கதைகளில் கடைசி இரண்டு நிமிடத்தில் எங்கிருந்தோ வந்து விழுகிறது, மாடியில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, நாயை நக்கல் செய்துகொண்டே விடையையும் கொடுத்துவிடும். வெறும் துரத்தலாகப் போகிற கதைகளும் உண்டு, அவற்றில் முரியல் எங்கோ கட்டிப்போடப்பட்டுக் கிடப்பாள், நான் சொன்ன அந்த இடைவெளியே இருக்காது, அப்போது உங்களுக்கு வந்த அதே கொட்டாவி எனக்கும் வரும். யூஸ்டஸ் பச்சை முகமூடியை மாட்டிக்கொண்டு நாயைப் பயமுறுத்துவது முதல் பத்துத் தடவை சிரிப்பு, அப்புறம் கிழவருக்கு வேறு வேலை இல்லையா என்று ஆகிவிடுகிறது.

எனக்கு உண்மையாகவே எரிச்சல் வருவது டாக்டர் விண்டாலூவிடம். இந்தியக் குரலில் பேசுகிற டாக்டர், முரியலுக்கு என்ன வந்தாலும் கையை விரிப்பார். பெயரைப் பாருங்கள், ஒரு கறிக்குழம்பின் பெயர். சுண்டெலிக்குக்கூட மெனக்கெட்டு குணம் யோசிக்கிறவர்கள் இங்கே ஏன் இவ்வளவு சோம்பேறித்தனமாக இருந்தார்கள்? பள்ளிக்கூட வயதில் உங்களுக்கு இது உறுத்தியிருக்காது, எனக்கும் அப்போது உறுத்தவில்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது என்பதை மட்டும் நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த நாய் குட்டியாக இருக்கும்போதே அனாதையானது, முரியல்தான் எடுத்து வளர்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லாமல் மறுநாள் காலையில் அதே நாற்காலியில் ஆடிக்கொண்டிருக்கிறாள், நாய்க்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போய்ப் பார்க்கிற ஆளுக்கு இது புரியும், நீங்கள் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறீர்கள், மறுபடி ஒன்றிரண்டு பாருங்கள்.

மகளை நிறுத்தவேண்டாம், பகலில் கூட உட்கார்ந்து பாருங்கள், போதும். எங்கள் ஆச்சி கள்ளியங்காட்டு நீலி என்ற பேயின் கதையைச் சொல்வாள், சுண்ணாம்பு கேட்டு வருகிற நீலியையும், வெற்றிலை போடுகிற ஆசையில் பல்லைக் காட்டிக்கொண்டு கிட்டே போகிற கிழவனையும் மாறி மாறி நடித்துக் காட்டுவாள், கிழவனுக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம், அப்புறம் கிணற்றடிக்கு யார் போவது என்று சண்டை வரும்.

பின்வாசலில் யார் நிற்பதாக நினைக்கிறாள் என்று பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ராம்சஸ் என்றால் ஒரு மாதத்தில் மறந்துவிடுவாள். நீலி என்றால், அம்மையிடம் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அண்ணன்