பழைய லாரிக்கு எத்தனை ஆம்ப் போதும்?

கேள்வி: அண்ணாச்சி, என்கிட்ட இருக்கிறது பழைய 24 வோல்ட் லாரி. ராத்திரி குளச்சல்ல மீன் ஏத்திக்கிட்டு கொச்சிக்குப் போகும். எஞ்சின் ஓடும்போது கரண்ட் தர்ற ஆல்டர்னேட்டர் 35 ஆம்ப். ஒரு வருசத்துல ரெண்டு தடவை பேட்டரி மாத்திட்டேன். ஒண்ணுல தண்ணி வத்திப்போகுது, இன்னொண்ணுல சார்ஜே நிக்கல. 55 ஆம்ப் போட்டா சரியாகுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: தம்பி, காசு செலவழிக்கும் முன்னால பாட்டு செட்டுக்கு எங்கிருந்து லைன் இழுத்திருக்குன்னு பாருங்க. ஒண்ணு வத்துது, ஒண்ணு ஏறலன்னு படிச்சதுமே எனக்குச் சந்தேகம் அங்கதான். ரெண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையா சேர்த்துத்தான் 24 ஆக்கியிருக்கு. அதுல எர்த் பக்கம், அதாவது நெகட்டிவ் சேசிஸோட சேர்ந்திருக்கிற பேட்டரியில மட்டும் 12 வோல்ட் எடுத்திருப்பாங்க. ஆல்டர்னேட்டர் மொத்தமா 28 வோல்ட் வருதான்னுதான் பார்க்கும். பாட்டுக்குக் கொடுக்கிற பேட்டரி 12.5-ல நின்னா, மிச்சம் 15.5 அடுத்ததுக்குப் போகும். அது கொதிச்சு வத்தும், மற்றது பட்டினியாவே கிடந்து சாகும். 100 ஆம்ப் போட்டாலும் இது தீராது. 24-ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் வாங்கி, லைனை அதுல மாத்துங்க.

அடுத்தது எர்த். மீன் வண்டியில ஐஸ் தண்ணி உப்போட சேசிஸ்ல சொட்டிக்கிட்டே இருக்கும். எர்த் பட்டையைக் கழற்றினா போல்ட்டுக்கு அடியில பச்சையா பூத்திருக்கும். லைட் எல்லாம் போட்டு, ரேஸ் கொடுத்து, மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் மறுமுனையை ஆல்டர்னேட்டர் பாடியிலயும் வையுங்க. கால் வோல்ட்டுக்கு மேல காட்டினா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புதுப்பட்டை போட்டு, கிரீஸ் தடவுங்க.

இனி ஆம்ப் கணக்கு. ஹெட்லைட் ரெண்டு 140 வாட். முன்னால கூடுதலா 70 வாட் லைட்டு நாலு கட்டியிருந்தா 280. பின் லைட்டு, சைடு லைட்டு, மழையில வைப்பர், எல்லாம் 180-ன்னு வைங்க. மொத்தம் 600. 28-ஆல வகுத்தா 21 ஆம்ப். 35 போதுமேன்னு தோணும். ஆனா அந்த 35 வண்டி ஓடுற வேகத்துல கிடைக்கிறது. மார்த்தாண்டத்துலயும் களியக்காவிளையிலயும் ஊர்ந்து நிக்கும்போது பாதிகூட வராது. குறையிறதை பேட்டரிதான் கொடுக்கணும். அந்த நாலு லைட்டுல ரெண்டைக் கழற்றுங்க தம்பி. எதிர்ல பைக்ல வர்றவனுக்கும் ரோடு தெரியணும்ல.

இதெல்லாம் செய்த பிறகும் லைட்டோட ஓடும்போது பேட்டரி ரெண்டும் சேர்ந்து 27 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா, ஆல்டர்னேட்டரோட பெல்ட், உள்ள உரசுற கார்பன், வோல்ட்டைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் பார்த்துட்டு 55 ஆம்ப்புக்குப் போங்க. அது முழுசா இழுக்கும்போது எஞ்சின்ல சுமார் மூணு குதிரைசக்தி எடுக்கும். தேய்ஞ்ச ஒத்தை பெல்ட் வழுக்கும், புதுசா போடுங்க. பேட்டரிக்குப் போற பழைய ஒயரும் தாங்காது, சூடேறும். 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டு, பேட்டரி பக்கத்துல ஃபியூசும் வையுங்க.